காசு குறைவு, பலகை வேண்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சித்திரை பிறந்தால் அறுகம்பேக்கு வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்குவார்கள், எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கும். இந்தமுறை வந்தவற்றில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: கடலில் அலை ஓடுகிற சேர்ஃபிங் பலகை ஒன்றுக்குக் குறைந்த செலவில் என்ன வழி? பொத்துவில் பக்கம் பலகை திருத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புதுப் பலகை விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பழையது வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? (கல்முனை)

வாங்கலாம் தம்பி, ஆனால் காலம் பார்த்து வாங்குங்கள். செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் என்று சீசன் முடிகிற நேரம், விமானத்தில் திருப்பிக் கொண்டுபோகிற செலவுக்குப் பயந்து பலர் பலகையை இங்கேயே விற்றுவிட்டுப் போவார்கள். வாடகைக் கடைகளும் அடிபட்டவற்றைக் கழிப்பது அப்போதுதான். அதே பலகையைச் சித்திரையில் கேட்டால் விலை வேறு.

கையில் எடுத்ததும் மேல்முகத்தைப் பெருவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போய் மேலே வந்தால், ஃபைபர் தோல் உள்ளே இருக்கிற ஃபோமை விட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். வைத்துவிட்டு வாருங்கள். மண்ணிறத் திட்டு இருந்தால் அங்கே தண்ணீர் போயிருக்கிறது. திருத்தலாம், காயவைக்கப் பொறுமை வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் குறுக்கே மெல்லிய மடிப்புக்கோடு ஓடினால் அது ஏற்கனவே ஒருமுறை முறியப் பார்த்த பலகை. பலகையின் அடியில் செட்டை பூட்டும் குழியைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூக்கு நுனி உடைந்திருந்தால் மட்டும் பயப்படவேண்டாம், அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம்.

அப்புறம், அழகைப் பார்த்து ஆறடிக் கூர்மூக்குப் பலகை வாங்கிவிடாதீர்கள். அது பழகியவர்களுக்கு. முதல் பலகை எட்டடி நீளம், நல்ல தடிப்பு, மேலே ஸ்பொஞ்ச் தோல் உள்ளதாக இருந்தால் போதும். மிதப்பு இருந்தால் அலை தானாகத் தூக்கும்.

எங்களிடம் வள்ளம் திருத்துகிற ரெசினும் ஃபைபர் பாயும் உண்டு. வெடித்த பலகை ஒன்று சும்மா கிடைத்தது. அதே ரெசினைப் பூசலாமா? (வாழைச்சேனை)

பூசுவதற்கு முன் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள் அண்ணா. இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் நல்ல பலகையைக் குப்பையாக்குகிறார்கள்.

வெடிப்புக்குள்ளிருந்து சுண்டுவிரல் நகமளவு ஃபோமைக் கிள்ளி எடுங்கள். மணிமணியாக உதிர்ந்தால் அது ரெஜிபோம், மீன்பெட்டி செய்கிற வெள்ளை ஃபோம் வகை. மாவுபோல் நைந்தால், அதுவும் கொஞ்சம் மஞ்சள் பிடித்திருந்தால், பொலியூரதேன். சந்தேகம் என்றால் அந்தத் துண்டில் ஒரு சொட்டுப் பெற்றோல் விடுங்கள். ரெஜிபோம் கரைந்து சுருங்கிப்போகும், மற்றது அப்படியே கிடக்கும்.

வள்ளத்துக்குப் பாவிக்கிற ரெசின் பொலியெஸ்டர். அதில் இருக்கிற ஸ்டைரீன் என்ற திரவம் ரெஜிபோமைக் கரைத்துவிடும். வெளியே தோல் அழகாக இறுகியிருக்கும், உள்ளே குகை விழுந்திருக்கும். ஆகவே ரெஜிபோம் பலகைக்கு எப்பொக்சி ரெசின் மட்டும்தான். பொலியூரதேன் பலகைக்கு உங்கள் வள்ள ரெசின் தாராளமாகப் போதும்.

பாயைப் பொறுத்தவரை, நூல் துண்டுகளை அடுக்கிய அந்தத் தடித்த பாய் வேண்டாம். ரெசினை நிறையக் குடித்துப் பலகையைப் பாரமாக்கும். மெல்லியதாக நெய்த ஃபைபர் துணியாகப் பார்த்து வாங்குங்கள். பூசுவதற்கு முன் வெடிப்புக் கீழே பார்க்கிறபடி பலகையை நிழலில் சாய்த்து, சொட்டு நின்று உள்ளே நன்றாக உலரும்வரை விடவேண்டும். வெயிலில் போட்டால் சூட்டில் தோல் கழலும். ரெசின் கலக்குவதைக் காலையிலேயே செய்யுங்கள். மத்தியான வெக்கையில், ரெசினை இறுகவைக்கிற ஹார்ட்னர் கொஞ்சம் கூடினாலும் கோப்பைக்குள்ளேயே கட்டியாகிவிடும். அரத்தாள் தேய்க்கும்போது மூக்கை மூடுங்கள். வள்ளத்துக்குத் தேய்க்கும்போது எங்கள் ஆட்கள் யாரும் மூடுவதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

மகன் மீன்பெட்டி ரெஜிபோம் மூடியில் படுத்து அலை ஏறுகிறான். பரவாயில்லையா? (ஆரையம்பதி)

இரண்டு அலைக்குள் உடையும், நெஞ்சைத் தேய்க்கும், உதிர்கிற மணி எல்லாம் கடலுக்குள் போய்ச்சேரும். ஒரு பொடிபோர்ட் வாங்கிக் கொடுங்கள் அக்கா. 1971இல் ஹவாயில் ரொம் மோரி என்பவர் ஃபோம் துண்டு ஒன்றை வெட்டி உருவாக்கிய சாமான் அது. நின்று ஓட்டத் தேவையில்லை, படுத்தே போகலாம். நிமிர்த்தி வைத்தால் பையனின் தொப்புள் மட்டத்துக்கு வரவேண்டும், அதுதான் அளவு. சீலை உறை போட்ட மலிவுப் பலகைகளின் உள்ளேயும் ரெஜிபோம்தான் இருக்கும். விளிம்பை விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். அதை வாங்குவதும் மீன்பெட்டி மூடியில் ஏறுவதும் ஒன்றுதான்.

தச்சுவேலை செய்கிறேன். பிளைவூட்டில் பலகை செய்யமுடியுமா? (திருக்கோவில்)

முடியும், அதுவும் உங்களைப் போன்றவருக்குத்தான் எல்லோரையும்விட மலிவு. ஹவாய்க்காரர் படுத்து ஓடுகிற குட்டைப் பலகையைப் பைப்போ என்பார்கள். ஃபோம் வருவதற்கு எவ்வளவோ முன்பே அவர்களிடம் இருந்தது. 4 அடி நீளம், 20 அங்குல அகலம் எடுத்தால் எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் தகடு ஒன்றில் நாலு பைப்போ தேறும். நாலு பேர் சேர்ந்து காசு போடுங்கள்.

6 முதல் 9 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். மரைன் பிளைவூட் என்று கேட்டு வாங்குங்கள். கூரைத் தட்டுக்கு அடிக்கிற சாதாரணப் பிளைவூட் கடல்நீர் பட்டதும் ஏடு ஏடாகப் பிரியும். மூக்குப்பக்கம் மேலே வளைந்திருந்தால் அலைக்குள் குத்தாது. அதற்கு 3 மில்லிமீற்றர்த் தகடு இரண்டை எப்பொக்சி பூசி ஒட்டி, மூக்குக்கு அடியில் கட்டை கொடுத்து, மேலே பாரம் வைத்து இறுகவிடுங்கள். வால் அகலமாகவே இருக்கட்டும். ஓரத்தை உருட்டி அரத்தாள் பிடித்து, எப்பொக்சியோ மரைன் வார்னிஷோ பூசும்போது வெட்டு முகங்களுக்கு இரண்டு கை கூடுதலாகப் பூசுங்கள். தண்ணீர் ஏறுகிற வழி அதுதான்.

ஒன்று மனதில் இருக்கட்டும்: இந்தப் பலகை உங்களைத் தூக்கி மிதக்காது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அலையோடு பாயவேண்டும், அல்லது காலுக்கு நீச்சல் செட்டை போடவேண்டும்.

தம்பி சுவிஸில். காலைக் கட்டாமல் பனியில் சேர்ஃபிங் செய்கிற பலகை வேண்டுமாம், அங்கே விலையாம். இங்கிருந்து செய்து அனுப்பலாமா? (களுவாஞ்சிக்குடி)

அனுப்புகிற கூலிக்கு அங்கேயே வாங்கிவிடலாம்! பனியை நான் குளிர்ப்பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் இங்கே வருகிற சேர்ஃபர்களில் பலர் குளிர்காலத்தில் பனியில் ஓடுகிறவர்கள். அவர்கள் பலகையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள்.

கால்கட்டு இல்லாத பலகைதான் முதலில் வந்தது. 1965 கிறிஸ்மஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பொப்பன் என்பவர் தன் மகள்மாருக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பூட்டினார். மூக்கில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஸ்னர்ஃபர் அதிலிருந்து பிறந்தது. துருக்கியில் ரிசே மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் மரப்பலகையும் கயிறும் தடியும் வைத்து அதற்கும் முன்பிருந்தே ஓடிவருகிறார்கள். ஆகவே விலை கூடிய சாமான் கட்டாயம் இல்லை.

தம்பியைப் புரொக்கன்ஹவுஸ் எனப்படும் பழைய பொருள் கடைக்குப் போய், அகலமான, மூக்கு நன்றாக வளைந்த பழைய ஸ்னோபோர்ட் (காலைக் கட்டி ஓடுகிற பனிப்பலகை) ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். கால்கட்டுகளைக் கழற்றிவிட்டு, ஆணித் துளைகளை அடைத்து, கால் வைக்கிற இடத்தில் ஈவிஏ எனப்படும் ரப்பர் போன்ற ஃபோம் தகடு ஒட்டவேண்டும். வெறும் மேற்பரப்பில் பனி ஒட்டிக் கால் வழுக்கும். இதற்கென்றே செய்த பலகை அளவுக்கு வளைந்து கொடுக்காது, சரி, பழக இது போதும். அடியில் மெழுகு பூசவேண்டும். பலகையோடு உடம்பைச் சேர்க்கிற கயிறும் வேண்டும். தனியே ஓடுகிற பலகை கீழே நிற்பவரின் காலை முறிக்கும்.

காலைப் பிடித்து வைப்பது உடம்பின் பாரம் மட்டும்தான். அதனால் இது புதிதாக விழுந்த, ஆழமான, மெத்தென்ற பனியில்தான் சரிவரும். அழுத்திச் சமன்செய்த சறுக்குப் பாதையில் கால் நிற்காது. மெத்தென்ற பனி கிடப்பது பாதைக்கு வெளியே, பனிச்சரிவு வருவதும் அங்கேதான். 30 பாகைக்குக் குறைந்த சரிவிலே நிற்கட்டும், மேலே செங்குத்து மலை இல்லாத இடமாகப் பார்க்கட்டும். டாவோஸில் இருக்கிற பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது, அதைப் பார்க்காமல் போகவேண்டாம். தனியே போகவே வேண்டாம். பலகையில் மிச்சம் பிடித்த காசை, பனிக்குள் புதைந்தவரைத் தேடி எடுக்க உதவும் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவும் தடி ஆகிய மூன்றுக்கும் செலவழிக்கச் சொல்லுங்கள்.

மெழுகு தீர்ந்துவிட்டது. மெழுகுதிரி தேய்க்கலாமா? (பாணமை வீதி)

அவசரத்துக்குத் தேய்க்கலாம், பிடிப்புக் குறைவு. தேன்மெழுகை உருக்கிக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் ஒட்டும் தன்மை வரும். எண்ணெய் கூடினால் எங்கள் வெயிலுக்கு வழியும்.

நான் பெண்பிள்ளை. பலகையும் இல்லை, கூடப்போக ஆளும் இல்லை. (அக்கரைப்பற்று)

தங்கச்சி, பலகையை இப்போது வாங்காதீர்கள். 2018இல் தொடங்கிய அறுகம்பே பெண்கள் சேர்ஃபிங் கழகம் இருக்கிறது, முதலில் அவர்களை விசாரியுங்கள். நீளக்கை மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டே ஓடலாம். அவை வெயிலுக்கும் பலகை உராய்வுக்கும்கூட நல்லது. அறுகம்பேயில் பேபி பொயின்ற் என்கிற இடத்தில் பழகுங்கள். மெயின் பொயின்ற் என்கிற மற்ற இடத்தில் தண்ணீருக்கு அடியில் கல்.

மட்டக்களப்பிலேயே பழக இடம் இல்லையா? (கல்லடி)

தெற்கேயிருந்து வருகிற அலை அறுகம்பே முனைகளில் வளைந்து உடைகிறது, உங்கள் கரைக்கு அதில் கொஞ்சம்தான் வந்து சேரும். பலகையில் படுத்துத் துடுப்புப்போடப் பழகப் பாசிக்குடா நல்ல இடம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் விடியற்காலையில் கல்லடியிலும் சின்ன அலை பிடிக்கலாம், மத்தியானம் கடற்காற்று எழும்பினால் தண்ணீர் குழம்பிவிடும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது அலை பெரிதாகத் தெரியும், ஆசையும் வரும். அது கரையிலேயே விழுந்து உடைகிற அலை, நீரோட்டமும் வெளியே இழுக்கும். அந்த நாட்களில் பலகையை வீட்டில் வைத்துத் திருத்துங்கள்.