சீருடை போட்டவர்தான் நாட்டை ஆள வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போர்முனையைப் பார்த்தவருக்குத்தான் படையை அனுப்பும் தகுதி உண்டு என்று அடித்துச் சொல்கிறார் என் நண்பர். ராணுவத்தில் ஒரு நாள்கூட இல்லாதவர் அதிபராகவோ பிரதமராகவோ உட்கார்ந்து போர் முடிவு எடுப்பது சரியா?

பதில்: நண்பர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தான் போடும் கையெழுத்து யார் வீட்டு வாசலில் போய் இடியாக விழும் என்பது போரைப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதை மட்டுமே தகுதியாக வைத்தால் கணக்கு பல இடங்களில் இடிக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குத் தரப்பின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், மெக்சிகோ போரில் படை நடத்தியவர், போர்த்துறை அமைச்சராகவும் இருந்தவர். வடக்கில் இருந்த லிங்கனோ 1832இல் கொஞ்ச காலம் தொண்டர் படையில் இருந்ததோடு சரி, சண்டை எதையும் பார்க்கவில்லை. ஜெயித்தது லிங்கன்.

வடக்கின் ஆள்பலமும் தொழிற்சாலைகளும் அதற்கு உதவின என்பது உண்மைதான். ஆனாலும் அவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள எடுத்த பாடு சாதாரணமானதல்ல. நூலகத்திலிருந்து போர்க்கலைப் புத்தகங்களை வரவழைத்துப் படித்தார். போர்த்துறையின் தந்தி அறைக்குப் போய், களத்திலிருந்து வரும் தந்திகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். பெரிய படையைக் கையில் வைத்துக்கொண்டு நகர மறுத்த தளபதி மெக்லெல்லனை 1862 நவம்பரில் நீக்கினார். 1863 ஜூலையில் தெற்கின் கோட்டை நகரமான விக்ஸ்பர்க் விழுந்ததும், அதைப் பிடித்த, அதுவரை நேரில் பார்த்ததாக நினைவே இல்லாத தளபதி கிராண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: நீங்கள் போன வழி தவறு என்று நினைத்திருந்தேன், நீங்கள்தான் சரி, நான் நினைத்தது தவறு என்று. நாட்டின் தலைவர் தனக்குக் கீழே வேலை பார்க்கும் தளபதிக்கு இப்படி எழுதுகிறார் என்றால், அந்த மனசைத்தான் நான் தகுதி என்பேன்.

கேள்வி: அப்படியானால் போர் அனுபவத்தால் பயனே இல்லையா?

பதில்: உண்டு, அது யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து. 1943 ஆகஸ்டில், பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடி ஓட்டிய சிறு போர்ப்படகை ஜப்பானியக் கப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. இருவர் இறந்தார்கள். தீக்காயம்பட்ட ஒருவரின் மிதவை உடை வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு பல மணி நேரம் நீந்தி ஒரு தீவில் கரை சேர்த்தார் கென்னடி. அதே மனிதர் 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து நெருக்கடி முற்றியபோது, அதிபராகத் தளபதிகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். உடனே குண்டு போடுங்கள் என்கிறார்கள். கடல் முற்றுகையோடு நிறுத்துவது 1938இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லருக்குப் பணிந்துபோனதற்குச் சமம் என்று விமானப்படைத் தளபதி லீமே முகத்துக்கு நேராகவே சொல்கிறார். கென்னடி அசையவில்லை, முற்றுகையிலேயே நின்றார். பழைய படகு அனுபவத்தைவிட, முந்தைய ஆண்டு கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் நடந்த படையெடுப்பு முயற்சியில் நிபுணர்களை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டதுதான் இதில் பெரிய பங்கு வகித்தது என்று நினைக்கிறேன்.

மறுபக்கமும் பாருங்கள். முதல் உலகப் போரில் பதுங்கு குழியையும் காயத்தையும் கண்டு பதக்கம் வாங்கியவர்தான் ஹிட்லர். போரின் கொடுமையைப் பார்த்துவிட்டால் போரை வெறுப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: வயதிருந்தும் படைக்குப் போகாமல் ஒதுங்கியவர்களை மக்கள் மன்னிக்கிறார்களா?

பதில்: அமெரிக்காவில் தாராளமாக. வியட்நாம் போருக்குப் போகாத கிளின்டன் அதிபர் தேர்தலில் 1992இல் இரண்டாம் உலகப் போர் விமானியான மூத்த புஷ்ஷையும், 1996இல் இத்தாலியில் படுகாயம்பட்ட பாப் டோலையும் தோற்கடித்தார். 2004இல் கெர்ரி, 2008இல் மெக்கெய்ன், இருவருமே வியட்நாமில் இருந்தவர்கள், இருவருமே தோற்றார்கள். போகாததை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. போகாதவர், அடுத்தவர் பிள்ளையை அனுப்ப அவசரப்படுவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

கேள்வி: இந்தியப் பிரதமர்களில் ராணுவத்தில் இருந்தவர்கள் யார்?

பதில்: ஒருவரும் இல்லை. 1971 ஏப்ரலில் இந்திரா காந்தி கிழக்கு வங்கத்துக்குள் உடனே நுழைய முடியுமா என்று கேட்டபோது, மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை, இப்போது போனால் தோற்போம் என்று தான் மறுத்ததாக அப்போதைய தரைப்படைத் தளபதி மானெக்ஷா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த உரையாடல் அப்படியே நடந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் போர் டிசம்பர் 3 அன்றுதான் தொடங்கியது, 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படையினர் சரணடைந்தார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற தளபதியை நேராகப் பாதுகாப்பு அமைச்சராக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன், கொஞ்ச காலமாவது இடைவெளி வேண்டும். நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்கள் கொண்டுவரும் திட்டத்தை இன்று முடியாது என்று சொல்வது லேசான காரியமில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே 1947இல் 10 ஆண்டு இடைவெளி என்று சட்டம் போட்டார்கள், 2008இல் அதை 7 ஆக்கினார்கள். ஆனால் 1950இல் மார்ஷலுக்கும், 2017இல் மேட்டிஸுக்கும், 2021இல் ஆஸ்டினுக்கும் நாடாளுமன்றமே விதிவிலக்குக் கொடுத்தது. மார்ஷல் காலத்தில் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது, சரி. மற்ற இரண்டுக்கும் அப்படி என்ன அவசரம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.