மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

இந்த இதழுக்கு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன். மருத்துவமனை தன் வேலையை முடித்துக்கொள்ளும் இடத்துக்கும் வீடு தன் பொறுப்பை ஏற்கும் இடத்துக்கும் நடுவே நேர்கிற சிக்கல்களே பெரும்பாலான கடிதங்களில் இருந்தன. அண்மைக்கால ஆய்வுகள் அதிகம் கவனிப்பதும் இந்த இடத்தைத்தான்.

என் தந்தைக்கு 71 வயது. நெஞ்சுவலிக்காகக் கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, சில நாள் கழித்து அழைத்து வந்தோம். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிவந்த பழைய பிரஷர் மாத்திரையையும், கோவையில் எழுதிக்கொடுத்தவற்றையும் சேர்த்தே சாப்பிட்டார். கால் வீங்கி, தலை சுற்றி, தேயிலைத் தோட்டத்துப் படியில் விழுந்துவிட்டார். இரண்டு சீட்டிலும் ஒரே மருந்து இருந்தது பிறகுதான் தெரிந்தது. இது எங்கள் தவறா?
வாசகி, கோத்தகிரி

உங்கள் தவறு இல்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு சீட்டுகளையும் பார்த்தேன். ஊரில் கொடுத்தது அம்லோடிபின். கோவையில் எழுதியது டெல்மிசார்டனும் அம்லோடிபினும் ஒரே மாத்திரையில் சேர்ந்த கூட்டு மருந்து. அந்த அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர் பொடி எழுத்திலும் இருக்கின்றன. ஆக, உங்கள் தந்தை தினமும் இரண்டு பங்கு அம்லோடிபின் சாப்பிட்டிருக்கிறார். கணுக்கால் வீக்கம் இந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடினால் அதுவும் கூடும். இரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். சமவெளியில் அப்படித் தள்ளாடுகிறவர் சுவரைப் பிடித்துக்கொள்வார். சரிவில் வெட்டிய படிக்கட்டில் பிடிக்க எதுவும் இருப்பதில்லை.

இதை ஒரு தனி வீட்டின் துரதிருஷ்டம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 400 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, நோயினால் அல்லாமல் சிகிச்சையினாலேயே ஏதோ ஒரு பாதிப்பு நேர்ந்திருந்தது. அந்தப் பாதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருந்துகளால் வந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துப் பாதுகாப்புக்கென்று உலகளாவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியபோது, முதன்மையாகக் கவனிக்க வேண்டிய மூன்றில் ஒன்றாக, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் தருணத்தைக் குறிப்பிட்டது. கோவை மருத்துவர் பழைய மாத்திரையைப் பற்றிக் கேட்டு, அதை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். ஊர் மருத்துவருக்குப் புதிய சீட்டு காட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்படாததால், மலைப்பாதையில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த உங்கள் தலையில் அது விழுந்துவிட்டது.

இதற்கு வழியும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பாஸ்டன் நகரில் 749 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாதியினருக்கு மட்டும் வீடு திரும்பும் முன் ஒரு செவிலியர் அருகில் உட்கார்ந்து மருந்துகளை ஒப்பிட்டு, எளிய கையேடு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். சில நாளில் மருந்தாளுநர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அவர்கள் அடுத்த ஒரு மாதத்தில் மருத்துவமனைக்குத் திரும்பி வந்தது மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. புதிய மருந்தோ புதிய கருவியோ இதில் எதுவுமில்லை.

இப்போது செய்ய வேண்டியது இது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாமல், வீட்டிலுள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், ஒரே பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள். தொடர வேண்டியவை எவை, நிறுத்த வேண்டியவை எவை, புதிதாகச் சேர்ந்தவை எவை என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். இல்லையென்றால் நிறுத்திய மாத்திரை அடுத்த மாதம் மீண்டும் வந்து சேரும். இனி எந்த மருத்துவமனையிலிருந்து கிளம்பினாலும், கேட்டதை உங்கள் தந்தையே தம் சொந்த மொழியில், படுகு என்றால் படுகிலேயே, உங்களிடம் திருப்பிச் சொல்லிப் பார்க்கட்டும். அவர் தடுமாறும் இடம் எதுவோ, அதை அங்கேயே செவிலியரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு வலப்பக்க ஹெர்னியா அறுவை சிகிச்சை. அவர் பெயர் என்ன, எந்தப் பக்கம் என்று நான்கு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். பேனாவால் வயிற்றில் அடையாளமும் போட்டார்கள். இவர்களுக்கு வேலை தெரியுமா என்ற சந்தேகமே வந்துவிட்டது.
வாசகி, குன்னூர்

திரும்பத் திரும்பக் கேட்டது நல்ல அறிகுறி. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 கேள்விகள் உள்ளன. மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், அறுவை அரங்கை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று முறை நின்று அவற்றை உரக்கக் கேட்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டபோது, பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்திருந்தன.

ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியல் நடைமுறைக்கு வந்த பிறகு இறப்பிலோ சிக்கலிலோ சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ நிலையங்களில் 28 கேள்விகள் கொண்ட பிரசவப் பட்டியலைச் சோதித்தபோதும், கை கழுவுதல் போன்ற நடைமுறைகள் மேம்பட்டனவே தவிர, தாய் சேய் இறப்பு குறையவில்லை; இது 2017-இல் வெளியானது. பட்டியலை ஒப்புக்கு நிரப்பினால் அது வெறும் தாள் என்றும், இரத்தமும் மருந்தும் திறமையான கைகளும் இல்லாத இடத்தில் தாளால் மட்டும் உயிரைக் காக்க முடியாது என்றும்தான் இவற்றை நான் படிக்கிறேன். உங்கள் கணவரிடம் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள். அவருக்கு ஒவ்வாத மருந்து, இரத்தத்தை இளக்கும் மாத்திரை, ஆடும் பல், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஊட்டியில் எங்கள் வீட்டில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என் அம்மாவுக்கு 93, 94 என்று காட்டுகிறது. மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் இருந்தபோது அதே கருவி 97 காட்டியது. கருவி பழுதா, அம்மாவுக்கு நுரையீரல் கோளாறா?
வாசகர், உதகமண்டலம்

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். அதனால் ஆரோக்கியமானவருக்கும் இரத்த ஆக்ஸிஜன் அளவு சில புள்ளிகள் குறையும். மலையின் குளிரும் சேர்ந்துகொள்ளும்: காலையில் தண்ணீரில் பாத்திரம் கழுவிவிட்டு வந்த விரலில் இரத்த ஓட்டம் சுருங்கியிருக்கும், கருவி தடுமாறும். கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, உட்கார்ந்து ஓய்ந்தபின் எண் நிலையாக நிற்கும் வரை காத்திருந்து பாருங்கள். அம்மா நலமாக இருக்கும் நாள்களில் இப்படிப் பார்த்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், அதுவே அவருக்கான அளவுகோல்.

இந்தக் கருவியைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வெளியான அந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களிலும் இரத்தப் பரிசோதனையில் ஆக்ஸிஜன் 88-க்கும் கீழே இருந்த நிலை, வெள்ளையரிடம் 3.6 சதவீதமாகவும் கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதமாகவும் இருந்தது. தோலைக் கடந்து செல்லும் ஒளியைக் கொண்டு கணக்கிடும் கருவி என்பதால், தோலின் நிறமி கணக்கைப் பிசகச் செய்கிறது. கருந்தோல் கொண்டவருக்கு எண் உண்மையைவிட நன்றாகவே தெரியக்கூடும் என்பது இதன் பொருள். எனவே அம்மாவுக்கு மூச்சு வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கருவி என்ன காட்டினாலும் அதை நம்பிக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அவருக்கு வழக்கமான எண்ணிலிருந்து மூன்று நான்கு புள்ளிகள் இறங்கி அப்படியே நின்றாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பிள்ளைகள் வெளியூரில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் யாரையும் பார்ப்பதில்லை. தனிமை ஆயுளைக் குறைக்கும் என்று படித்தேன். உண்மையா?
வாசகி, கொடைக்கானல்

148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஆய்வில், நெருங்கிய உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடிருந்த வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தனிமையால் நோய் வந்ததா, நோயால் முடங்கித் தனிமை வந்ததா என்பதை இத்தகைய ஆய்வுகளால் முழுமையாகப் பிரிக்க முடியாது; ஆகவே பயம் வேண்டாம். தனியாக வாழ்வதும் தனிமையில் வாடுவதும் ஒன்றல்ல. நீங்கள் ஆசிரியை: மழைக்காலத்தில் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகள் இருவருக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். பால்காரரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ ஒரு சாவியும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

எங்கள் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியாகி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். லைன் வீட்டுக்காரர்கள், அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து எங்காவது காசநோய் மருத்துவமனைக்கு அனுப்பிவிடச் சொல்கிறார்கள். மேற்பார்வையாளன் என்ற முறையில் நான் என்ன செய்யலாம்?
வாசகர், தாண்டிக்குடி

அவரை அனுப்பாதீர்கள். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்னது நம் சென்னைதான். காசநோயாளிகளை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைப்பதே முறை என்று இருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை நெரிசலான சொந்த வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றோட்டமும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவை குறைவு. ஆயினும் குணமானவர்களின் அளவு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டில் உடனிருந்தவர்களிடமும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959-இல் இந்த முடிவு வெளியான பிறகு உலகெங்கும் வீட்டுச் சிகிச்சை நிலைபெற்றது.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். அதற்கான விடை ஜார்க்கண்டிலிருந்து 2023-இல் வந்தது. அங்கே 2,800 காசநோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. அவர்களுடைய குடும்பத்தினரான 10,345 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தனியே கொடுத்து ஒப்பிட்டார்கள். அவை கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை கூடியவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைவு. சென்னை ஆய்வு, கிருமியை அழிக்க மருந்து போதுமா என்று கேட்டது. ஜார்க்கண்ட் ஆய்வு, மெலிந்த உடல் அதுவரை தாங்குமா, அடுத்தவர் நோயில் விழாமல் இருப்பாரா என்று கேட்டது. இரண்டு விடையும் உங்கள் தொழிலாளிக்குத் தேவை.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான உடனேயே எடை, மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, பிறர் உதவியின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, அபாய நிலையில் உள்ளவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அவருக்கு இந்தச் சோதனை நடந்ததா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அப்படிச் சேர்க்கச் சொன்னால் சேருங்கள். அண்டை வீட்டார் பயத்துக்காகச் சேர்க்க வேண்டாம்.

சரியான மருந்தை விடாமல் சாப்பிட்டால் தொற்றும் தன்மை சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை அவர் இருமும்போது வாயை மூடட்டும். குளிருக்காக லைன் வீட்டுச் சன்னலை நாள் முழுவதும் சாத்தி வைக்கும் வழக்கத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வெயில் ஏறியதும் திறந்துவைத்தால் போதும். மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது அவருடைய வங்கிக் கணக்கில் வருகிறதா என்று பார்த்துக்கொடுங்கள். தோட்டத்தின் சார்பில் பருப்பும் முட்டையும் சேர்த்துக் கொடுக்க முதலாளியிடம் பேச முடிந்தால் பேசுங்கள். சிகிச்சை முடிவதற்குள் அவர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட மாட்டோம் என்ற உறுதியையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்தப் பயத்தால் பாதியில் மருந்தை விட்டு வேலைக்கு ஓடிவருகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசோதனையும், நோய் இல்லை என்று தெரிந்தால் தடுப்புச் சிகிச்சையும் இலவசம். அவர்களை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.