புது வெட்சூட், புது பிசிடி: முடிவில் மேலே இழுக்கிறது, கால் தாழ்கிறது

பாசிக்குடாவில் ஸ்கூபா முழுக்குக்குப் புது பிசிடியும் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை), புது 5 மில்லிமீட்டர் வெட்சூட்டும் (நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் உடை) போட்டு இறங்கினேன், பழைய 3 மில்லிமீட்டருக்குக் கட்டிய அதே 5 கிலோ ஈயம்தான், கடைசியில் 5 மீட்டர் ஆழத்தில் நிற்க முடியாமல் மேலே போய்விட்டேன், காலும் தாழ்ந்தே கிடந்தது என்று எழுதியிருந்தீர்கள். பிசிடியில் பிழை இல்லை, தம்பி. புது நியோப்ரீன் இன்னும் பாவித்து நசுங்கிப்போகாதது, அதனால் நன்றாக மிதக்கும். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது உள்ளே இரண்டரைக் கிலோவுக்குக் கிட்டக் காற்று. அது தீரத் தீரச் சிலிண்டரே உங்களைத் தூக்கத் தொடங்கும்.

அடுத்த முறை ஏறும்போது சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சம் வைத்துக்கொண்டு மேற்பரப்பிலேயே பாருங்கள். பிசிடியை முழுக்கக் காலி செய்து, சாதாரண மூச்சைப் பிடித்தால் நீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்லத் தாழ வேண்டும். தாழாவிட்டால் ஒவ்வொரு கிலோவாகக் கூட்டுங்கள். கால் ஆடாமல் இருக்கட்டும். நான் கல்குடாவில் தெரியாமல் துடுப்படித்தபடியே பார்த்து, 3 கிலோ வீணாகச் சுமந்தேன்.

காலுக்கு: ஈய பெல்ட்டிலிருந்து ஒரு கிலோவைச் சிலிண்டரின் மேல் பட்டிக்கு மாற்றுங்கள். சிலிண்டரையும் இரண்டு விரல் மேலே ஏற்றலாம், வால்வு தலையில் இடிக்காத அளவுக்கு. எல்லாவற்றையும் அங்கே கட்டிவிடாதீர்கள், அவசரத்தில் கழற்றிப் போட ஈயம் கையெட்டில் வேண்டும். பிறகு கைகட்டி, பத்து விநாடி அசையாமல் மிதந்து பாருங்கள்.

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆசை இப்போதைக்கு வேண்டாம். வாடை தொடங்கிக் கடல் கலங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.