அத்தை வீட்டு முகவரியில் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: என் மகள் பண்ருட்டி பக்கத்தில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். இந்த ஆண்டு பிளஸ் டூவில் 600-க்கு 512. வக்கீலுக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. புதுச்சேரிப் பக்கம் பாகூரில் இருக்கும் என் நாத்தனார், "எங்க வீட்டு முகவரியில ரெசிடென்ஸ் சர்டிபிகேட் வாங்கிக் காலாப்பட்டு லா காலேஜுக்கும் சேர்த்துப் போட்டுடலாம்" என்கிறார். ஆதாரில் ஒரு மாதிரியும் மார்க் ஷீட்டில் ஒரு மாதிரியும் பெயர் இருக்கிறது. அவள் அப்பா முந்திரி வேலைக்குப் போனால் இரவுதான் வருவார், அலைவது எல்லாம் நான்தான். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நாத்தனார் சொன்ன யோசனையிலிருந்தே ஆரம்பிப்போம் அம்மா. வேண்டாம். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, சில ஊர்களில் அடுத்த தெருவே வேறு மாநிலம், கொள்வினை கொடுப்பினை எல்லாம் இரண்டு பக்கமும் கலந்துதான் நடக்கிறது. அதனால் முகவரி மாற்றுவது நம் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய தப்பாகவே தெரிவதில்லை. ஆனால் காலாப்பட்டில் இருக்கும் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இடங்களை நிரப்புவது சென்டாக், அதாவது புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு. அங்கே இருப்பிடம் என்றால், புதுச்சேரியில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்ததற்கான வருவாய்த் துறைச் சான்று. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பண்ருட்டிப் பக்கம் படித்தாள் என்று பள்ளிச் சான்றிதழே சொல்லும்போது, பாகூர் முகவரி அந்தச் சான்றிதழோடு சண்டை போடும். மருத்துவப் படிப்புச் சேர்க்கையில் இரண்டு மாநிலத்திலும் இருப்பிடம் காட்டியவர்கள் மீது புகார் கிளம்புவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சீட்டு போவது ஒன்று. பொய்ச் சான்று கொடுத்தார் என்று ஒரு வழக்கு நிலுவையில் இருந்தால், நாளைக்கு வக்கீலாகப் பதிவு செய்யப் போகும்போது அதையும் சொல்லியாக வேண்டும். சட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட ஆரம்பம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் மாநிலம் தாண்டினால் அதே பலன் தராது. நீங்கள் இங்கே எம்பிசி என்றால் தமிழ்நாட்டில் 20 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வருவீர்கள். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்காரர்களின் ஒதுக்கீட்டில் நிற்க முடியாது. எதற்கு இந்தச் சுற்று? எங்கே படித்தாலும் கடைசியில் பதிவு செய்வது ஒரே இடத்தில்தான், வக்கீல்களைப் பதிவு செய்யும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். உயர் நீதிமன்றமும் ஒன்றே, சென்னை.

சரி, தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். இங்கே உங்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது, அது உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். "ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். 2021-ல் வந்த சட்டப்படி, ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் இவற்றோடு சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத முன்னுரிமை உண்டு. மருத்துவத்துக்கு மட்டும்தான் இது என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பள்ளியில் படித்ததற்கான சான்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு வேண்டும். எட்டு வரை ஒரு பள்ளி, அப்புறம் வேறு பள்ளி என்றால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் ஓர் ஆண்டு படித்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். அதையும் மகளிடம் சரி பாருங்கள்.

அடுத்தது பெயர். சான்றிதழ் வேலையில் மனிதர்களை அழ வைப்பது இதுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் இனிஷியல்தான் வழக்கம். மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. ஆதார் எடுத்த இடத்தில் அப்பா பெயரை முழுசாக ஒட்டிவிட்டார்கள். ரேஷன் கார்டில் அப்பா "காசி", பள்ளியில் "காசிநாதன்". வீட்டில் எல்லோருக்கும் இது ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். என் கதையைச் சொல்கிறேன். என் அப்பா என்னைப் பள்ளியில் சேர்த்தபோது ஊர்ப் பெயரின் எழுத்தையும் சேர்த்து இரண்டு இனிஷியலாகக் கொடுத்துவிட்டார். கல்லூரியில் அது ஒன்றாகிவிட்டது. சட்டப் படிப்பை முடித்துப் பதிவு செய்யப் போன நாளில் அந்த ஓர் எழுத்துக்காகச் சென்னைக்கும் கடலூருக்கும் மூன்று தடவை பஸ் ஏறினேன். தப்பு யாருடையதும் இல்லை, அப்பாவின் பாசம்!

நான் சொல்லும் வழி இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்றதை எல்லாம் திருத்துங்கள். ஆதாரை மாற்றுவது எளிது. மார்க் ஷீட்டை மாற்றுவது பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகும் வேலை, சேர்க்கை நேரத்தில் அதில் கை வைக்காதீர்கள். சாதிச் சான்றிதழில் மகள் பெயரோ அப்பா பெயரோ மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்து விடுவதே நல்லது. அது விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். எனவே இன்றைக்கே போடுங்கள். நோட்டரியிடம் இருநூறு முந்நூறு கொடுத்து "இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்" என்று அபிடவிட் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று யாராவது சொல்வார்கள். அவசரத்துக்கு ஒரு துணையாக அது உதவும். அதனால் பெயர் மாறிவிடாது.

வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் அதே இ-சேவையில் ஒரே நாளில் விண்ணப்பித்து விடலாம். முதல் பட்டதாரி சான்றிதழைத் தனியாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். அதில் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது.

இப்போது விண்ணப்பம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்தான் ஐந்தாண்டுப் படிப்புக்கான சேர்க்கையை நடத்துகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம், விழுப்புரம், திருச்சி, மதுரை போன்ற அரசு சட்டக் கல்லூரிகளுக்கு வேறொரு விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் சேர்த்துப் போட்டதாக நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. 512 என்பது 85 சதவீதத்துக்கு மேல். தைரியமாக இரண்டும் போடுங்கள். இந்திய பார் கவுன்சில் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி பொதுப் பிரிவுக்கே 45 சதவீதம்தான்.

எந்தக் கல்லூரியை முதலில் கேட்பது என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். விழுப்புரத்தில் 2017-ல் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். சென்னைதான் கௌரவம் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள், ஹாஸ்டல் செலவை அவர்கள் கட்டப் போவதில்லை. அரசு சட்டக் கல்லூரிகளில் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழ் வழியில் படித்த பிள்ளை அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆங்கிலம் மெதுவாக வரும், வந்துதான் ஆக வேண்டும்.

திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைப் பற்றி யாராவது கிளப்பிவிட்டால் குழம்ப வேண்டாம். அதற்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். இந்த ஆண்டுச் சேர்க்கைக்கான கிளாட் போன டிசம்பரிலேயே நடந்து முடிந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். அதற்காக ஓர் ஆண்டு வீட்டில் உட்கார வைக்கச் சொல்லி நான் யோசனை தரமாட்டேன்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது ஒரு விஷயத்தில் கண்ணை மூடிவிடாதீர்கள். கடைக்காரர் அவசரத்தில் தன்னுடைய போன் நம்பரையும் மெயில் முகவரியையும் போட்டுவிடுவார். அவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேர். பின்னால் கவுன்சிலிங் தேதி மெசேஜ் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. தரவரிசையில் நல்ல இடத்தில் இருந்தும் கவுன்சிலிங் தேதி தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். மகள் பெயரில் ஒரு மெயில், உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும் ஒரே ஒரு நம்பர். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை அரிசிப் பானைக்குள் வைத்தாலும் சரி, தொலையாமல் இருக்கட்டும். கடையை விட்டு வரும் முன் போட்ட விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து, பெயர், பிறந்த தேதி, சாதிப் பிரிவு, அரசுப் பள்ளி என்ற கட்டம் நான்கையும் மகளே சத்தமாகப் படிக்கட்டும்.

சட்டக் கல்லூரிக் கவுன்சிலிங் முடிவதற்குள் கலைக் கல்லூரிகள் திறந்துவிடும். கைக்காவலுக்கு ஒரு பி.ஏ. சீட்டில் சேர்த்து வைப்பது நம் வழக்கம், தப்பில்லை. ஆனால் டிசியும் மார்க் ஷீட்டும் அங்கே போய் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் வரும். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அறிவித்திருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால், சிறு கழிவு போக, கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. தேதி தாண்டத் தாண்டத் திரும்பும் தொகை குறையும், ஒரு மாதம் தாண்டினால் ஒன்றும் வராது. விலகும்போது வாயால் சொல்லாதீர்கள். கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எல்லாச் சான்றிதழையும் முன்கூட்டியே ஸ்கேன் எடுத்து மகளின் மெயிலில் போட்டுவிடுங்கள்.

இடையில் ஒரு புரோக்கர் வருவார், கட்டாயம் வருவார். "பக்கத்து மாநிலத்துல லா சீட்டு இருக்கு, கிளாசுக்கே போக வேண்டாம்" என்பார். பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். வகுப்புக்கே போகாமல் சட்டம் படிப்பது என்று ஒன்று கிடையாது. தபாலிலும் கிடையாது. பெயரளவில் மட்டும் நடக்கும் லெட்டர் பேட் காலேஜ் பட்டத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டில் தலை குனிந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். படித்து முடித்துப் பதிவு செய்யத்தான் லட்சக்கணக்கில் ஆகும் என்றும் அந்த ஆள் பயமுறுத்துவார். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது.

கடைசியாக, சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்றீர்களே. பாதிக் காரணம் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வதுதான் என்று ஊகிக்கிறேன். விண்ணப்ப விஷயத்தை நீங்கள், மகள், அவளுக்குப் பிடித்த ஒரு டீச்சர் என்று மூன்று பேரோடு நிறுத்துங்கள். தாலுகா ஆபீசுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேசைக்கு மேசை அவளே பேசட்டும். வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல். பல நாள் ஆகியும் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை என்றால் மட்டும், அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பண்ருட்டியிலேயே மாஜிஸ்ட்ரேட் கோர்ட் இருக்கிறது. மே மாதத்தில் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, மாஜிஸ்ட்ரேட் கோர்ட் நடக்கும். யார் வேண்டுமானாலும் பின்னால் நின்று பார்க்கலாம், அதற்குப் பாஸ் எதுவும் தேவையில்லை. ஒரு நாள் காலை பத்தரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். சினிமாவில் வருவது போல யாரும் கத்த மாட்டார்கள், பாதி நேரம் வாய்தா தேதிதான் சொல்வார்கள். அதைப் பார்த்த பிறகும் வக்கீல்தான் என்றால், மறுநாளே இ-சேவைக்குப் போங்கள். உள்ளே போகும்போது மட்டும் போனை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.