அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சனால் எப்படிப் பல வருடம் தொடர்ந்து எழுத முடிந்தது?

காரணம், அவர் பார்த்த தலைமை எழுத்தாளர் வேலை. அடுத்த பல மாதங்களுக்குக் கதை எங்கே போகும், யார் பிரிவார், யார் சேர்வார் என்று முடிவு செய்பவர்தான் தலைமை எழுத்தாளர். அமெரிக்காவில் பகல்நேரத் தொடர்கள் வாரம் ஐந்து நாள், இடைவெளியே இல்லாமல் வரும். தனி ஆள் அத்தனை வசனத்தையும் எழுதுவது நடக்காத காரியம். கல்யாணச் சமையலில் மாஸ்டர் மெனுவும் பக்குவமும் சொல்ல, மற்றவர்கள் நறுக்கிக் கிளறுவார்களே, அது மாதிரிதான்.

வானொலித் தொடர் எழுத்தாளர் இர்னா பிலிப்ஸிடம் தொழில் பழகியவர் நிக்சன். 1962இல் 'கைடிங் லைட்' தொடரில் பெர்ட் பாயர் என்ற பாத்திரத்துக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாக எழுதினார். 'புற்றுநோய்', 'கருப்பை' என்ற சொற்களையே உச்சரிக்கக் கூடாது என்று நிபந்தனை! அந்தச் சொற்கள் இல்லாமலே, பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதைப் பெண்களுக்குப் புரியவைத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தத் துணிச்சல்தான். அப்புறம் 1968இல் 'ஒன் லைஃப் டு லிவ்', 1970இல் 'ஆல் மை சில்ட்ரன்' இரண்டையும் உருவாக்கினார். பின்னது ஏபிசி தொலைக்காட்சியில் 2011 வரை ஓடியது.

'உருவாக்கியவர்' என்று பெயர் வருவதால் எல்லா அத்தியாயமும் அவரே எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் தினசரி வசனங்களில் பெரும்பகுதி அவருடைய குழுவினர் எழுதியது.