பழைய டிவியைப் பழுது பார்ப்பதா, தவணையில் புதியது வாங்குவதா?

கேள்வி: எங்கள் வீட்டு 32 இன்ச் எல்இடி டிவிக்கு ஒன்பது வயதாகிறது. ஓராண்டாகப் படம் மங்கிக்கொண்டே வந்தது. இரு வாரங்களுக்கு முன் திரை முற்றிலும் இருண்டுவிட்டது, ஒலி மட்டும் வருகிறது. சரிசெய்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். வீட்டில் நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார் என ஐந்து பேர். பகல் முழுவதும் தனியாக இருக்கும் மாமியாருக்கு டிவிதான் துணை. பிள்ளைகளோ, செயலிகள் எதுவும் ஓடாத பழைய டிவி இனி வேண்டாம், 55 இன்ச் வாங்கலாம் என்கிறார்கள். அதன் விலை எங்கள் ஒரு மாதக் குடும்பச் செலவுக்குச் சமம். 43 இன்ச் என்றால் அதில் ஐந்தில் மூன்று பங்கு. அவசரத்துக்கென இரண்டரை மாதச் செலவுக்கான பணம் வைத்திருக்கிறோம். மாதந்தோறும் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகிறது. என் கணவரின் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். கடையில் 12 மாத வட்டியில்லாத் தவணை தருகிறார்கள். விலையில் 3 சதவீதம் செயல்பாட்டுக் கட்டணமாக முதலிலேயே கட்ட வேண்டும். முழுத் தொகையையும் மொத்தமாகக் கொடுத்தால் 5 சதவீதம் குறைப்பார்களாம். உடன் பணிபுரிபவர் ஒருவர் நான்கு ஆண்டு ஓடிய 43 இன்ச் டிவியைப் புதியதன் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, பகலில் தனியாக இருக்கும் உங்கள் மாமியாரைப் பற்றிய வரிதான். டிவி ஆடம்பரப் பொருள், அது இல்லாமலே சில மாதம் இருந்து பார்க்கலாமே என்று உங்களுக்கு அறிவுரை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால், வீட்டில் டிவி விரைவில் ஓட வேண்டும் என்பதும், புதிய டிவி விரைவில் வாங்க வேண்டும் என்பதும் வேறு வேறு தேவைகள். முதல் தேவையை இந்த வாரமே, கடனில்லாமல் நிறைவேற்றிவிடலாம். இரண்டாவதை ஓர் ஆண்டு தள்ளிப் போடுவதே உங்கள் குடும்பத்துக்கு நல்லது என்பது என் கருத்து.

கணக்கு எளிதாக இருப்பதற்காக உங்கள் ஒரு மாதக் குடும்பச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 55 இன்ச் டிவி 100 பங்கு, 43 இன்ச் டிவி 60 பங்கு, அவசரகால நிதி 250 பங்கு, மாத மிச்சம் 10 பங்கு.

முதலில் பழைய டிவியைப் பார்ப்போம். ஒலி வந்து படம் மட்டும் வராமல் போவதற்கு மிகவும் வழக்கமான காரணம், திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் எரிந்துபோவதுதான். எல்இடி டிவி என்று நாம் அழைப்பதில் படத்தை உருவாக்கும் பேனல் தனியாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் பட்டைகளில் வரிசையாகப் பதித்திருக்கும் சிறு விளக்குகளே அதற்கு ஒளி தருகின்றன. அவை பெரும்பாலும் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒரு விளக்கு பழுதானாலும் முழுத் திரையும் இருண்டுவிடக்கூடும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரவில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, டிவியை ஓடவிட்டு, டார்ச் விளக்கைத் திரைக்கு அருகில் சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். ஒளி விழும் வட்டத்துக்குள் மட்டும் உருவங்கள் மங்கலாக அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். திரையில் விரிசலோ, நெடுக நிலையான கோடுகளோ இருந்தால் கோளாறு பேனல் பக்கம் இருக்கக்கூடும். ஒரு டிவியின் பாகங்களிலேயே விலை கூடியது பேனல்தான் என்பதால், அதை மாற்றும் அளவுக்குப் பழுது இருந்தால் பணம் செலவழிப்பதில் பொருளில்லை. சோதனைக்காகப் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறந்துவிடாதீர்கள். மின்தொடர்பைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மெக்கானிக் எவ்வளவு கேட்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று சொல்கிறேன். 60 பங்கு விலையுள்ள புதிய டிவி எட்டு ஆண்டுகள், அதாவது 96 மாதங்கள் உழைத்தால், மாதத்துக்கு 0.625 பங்கு செலவாகிறது. பழுது பார்க்க 15 பங்கு கொடுத்தால், அந்த டிவி 24 மாதங்கள் ஓடும்போது இரண்டு செலவும் சமமாகிவிடும்; பேக்லைட் மட்டும் போன டிவி அவ்வளவு காலம் ஓடுவது நடக்கக்கூடியதே. 10 பங்குக்குள் முடிந்தால் 16 மாதமே போதும். எனவே 15 பங்குக்கு மேல் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் என்றால், எரிந்த பட்டையை மட்டும் மாற்றாமல் எல்லாப் பட்டைகளையும் ஒருசேர மாற்றச் சொல்லுங்கள். ஒன்பது ஆண்டுகள் ஒளிர்ந்த மற்ற பட்டைகளும் ஏறக்குறைய அதே தேய்மானத்தில்தான் இருக்கும். அவை பின்னால் ஒவ்வொன்றாகப் போகும்போது கூலியை மறுபடி மறுபடி கொடுக்க நேரிடும். மாற்றிய பாகங்களுக்குக் குறைந்தது மூன்று மாத உத்தரவாதத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பட்டைகளையும் கேட்டுப் பெறுங்கள். டிவி வீட்டுக்கு வந்ததும் படத்துக்கான அமைப்புகளில் பேக்லைட் அளவை உச்சத்திலிருந்து பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்து வையுங்கள். வெப்பம் குறைவதால் விளக்குகளின் ஆயுள் கூடும், கண்ணுக்கும் இதமாக இருக்கும்.

பிள்ளைகளின் குறைக்கும் பதில் இருக்கிறது. ஒன்பது ஆண்டு வயதுள்ள டிவியில் எச்டிஎம்ஐ துளை இருப்பது ஏறக்குறைய உறுதி. அதில் செருகும் சிறிய ஸ்ட்ரீமிங் கருவி ஒன்று, புதிய டிவியின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும். வீட்டில் வைஃபை இருந்தால் அவர்கள் கேட்கும் செயலிகள் அதில் ஓடும். இது வீண் செலவாகாது. ஸ்மார்ட் டிவிகளில் திரை நன்றாக இருக்கும்போதே மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோய்ச் செயலிகள் ஓடாமல் போவது வழக்கம் என்பதால், நாளை வாங்கும் டிவிக்கும் ஒரு நாள் இந்தக் கருவி தேவைப்படலாம்.

இனித் தவணைக்கு வருவோம். வட்டியில்லை என்ற சொல்லைக் கேட்டதும் பலர் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். 55 இன்ச் டிவிக்கு இன்று மொத்தமாகக் கொடுத்தால் உங்களுக்கு ஆகும் செலவு 95 பங்கு. தவணையில் வாங்கினால் இன்று 3 பங்கு கட்டணம், பிறகு 12 மாதங்களில் 100 பங்கு, ஆக 103 பங்கு. இடையிலுள்ள 8 பங்குதான் நீங்கள் கட்டும் வட்டி. அதற்குப் பெயர் மட்டும் வேறு. இது 8 சதவீதம்தானே என்று எண்ணிவிட வேண்டாம். கடன் வாங்கிய தொகை முழுவதும் ஆண்டு முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாகப் பாதியைவிடச் சற்றுக் கூடுதலான தொகையையே பயன்படுத்துகிறீர்கள். அதன்படி கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 சதவீத வட்டி வருகிறது. கட்டணத்தை மட்டும் கணக்கில் எடுத்து, மொத்த விலைக் குறைப்பை மறந்துவிட்டால் அது 6 சதவீதத்துக்கும் குறைவாகத் தோன்றும். எனவே, எந்தக் கடையிலும் தவணையைப் பற்றிக் கேட்பதற்கு முன், மொத்தமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன என்று கேட்டு, அதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வேறொரு கடையில் 12 சதவீத நிலையான வட்டி (ஃப்ளாட் ரேட்), அதாவது கடன் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடும் வட்டி என்று சொன்னால் அதன் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வட்டியைவிட எனக்குக் கவலை தருவது மாதத் தவணையின் அளவு. 100 பங்கை 12 ஆகப் பிரித்தால் மாதம் 8.3 பங்கு. உங்கள் மிச்சமே 10 பங்குதான். கணவரின் வருமானம் குறையும் ஒரு மாதத்தில், அந்தத் தவணையைப் பள்ளிக் கட்டணத்திலிருந்தோ மருந்துச் செலவிலிருந்தோதான் எடுத்துக் கட்ட நேரும். ஒரு தவணை தவறினால் அபராதக் கட்டணம் ஒருபுறம், கடன் மதிப்பெண் குறைவது மறுபுறம். ஓராண்டுக் காலம் உங்கள் சேமிப்பு முழுவதையும் ஒரு திரைக்கு அடகு வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அவசரகால நிதியிலிருந்து 95 பங்கை எடுத்து மொத்தமாக வாங்குவதும் சரியில்லை. அந்த நிதி 155 பங்காகிவிடும். நிலையற்ற வருமானம் உள்ள வீட்டில் குறைந்தது மூன்று மாதச் செலவாவது கையிருப்பில் இருக்க வேண்டும். ஆறு மாதம் இருந்தால் நல்லது.

ஆகவே என் யோசனை இதுதான். பழுது பார்க்கும் செலவு 15 பங்கு என்றால், இந்த மாத மிச்சமான 10 பங்கையும் அவசரகால நிதியிலிருந்து 5 பங்கையும் சேர்த்து இந்த வாரமே சரிசெய்யுங்கள். எடுத்த 5 பங்கை அடுத்த மாதமே திருப்பி வைத்துவிடுங்கள். நிதியை இதற்காகத் தொடலாமா என்று தயங்க வேண்டாம், உங்கள் மாமியாரை ஒரு மாதம் காத்திருக்க வைப்பதைவிட இது மேல். அதன் பிறகு மாதம் 5 பங்கு டிவிக்கென்று தனிக் கணக்கிலும், 5 பங்கு அவசரகால நிதியிலும் போடுங்கள். பன்னிரண்டு மாதங்களில் டிவிக்கான 60 பங்கு சேர்ந்திருக்கும், அவசரகால நிதியும் 310 பங்காகி மூன்று மாதச் செலவைத் தாண்டியிருக்கும். அப்போதும் பழைய டிவி நன்றாக ஓடினால் ஓடட்டும், சேமிப்பை நிறுத்தாதீர்கள். இடையில், ஆறாவது மாதமே அது நின்றுவிட்டால், கையில் 30 பங்கு இருக்கும். மாத மிச்சம் முழுவதையும் திருப்பிவிட்டால் அடுத்த மூன்று மாதங்களில் மீதி வந்துவிடும்.

நான் 60 பங்கு என்று சொல்லிக்கொண்டே வருவதிலிருந்து, 43 இன்ச் போதும் என்று நினைப்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். திரையிலிருந்து உட்காரும் இடத்துக்கான தூரம், திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு இருப்பது வசதியானது. ஏழு அடி தூரத்திலிருந்து பார்த்தால் 43 இன்ச் ஏறத்தாழ இரண்டு மடங்குத் தூரத்தில் அமைகிறது. 55 இன்ச்சும் வரம்புக்குள்தான் வரும், ஆனால் சாதாரணத் தரத்தில் ஒளிபரப்பாகும் சேனல்களை அவ்வளவு பெரிய திரையில் அருகிலிருந்து பார்த்தால் படம் மங்கலாகவும் கரடுமுரடாகவும் தெரியும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்: 32 இன்ச்சிலிருந்து 43 இன்ச்சுக்கு மாறும்போது திரையின் பரப்பு 1.8 மடங்காகிறது. 4கே என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதும் இல்லை; ஏழு அடியிலிருந்து 43 இன்ச் திரையில் அதற்கும் முழு எச்டிக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலானவர்களின் கண் பிரித்தறியாது. நீட்டிக்கப்பட்ட வாரன்டியையும் தவிர்த்துவிடலாம். பிள்ளைகள் பந்தெறிந்து திரை உடைவது போன்ற சேதங்களைப் பெரும்பாலும் அது ஏற்பதில்லை. வீட்டுக்கு வந்து சர்வீஸ் செய்ய ஆளுண்டா, சுவரில் மாட்டும் சட்டமும் பொருத்தும் கூலியும் விலைக்குள் அடங்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுவந்தவர் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து, படத்தை ஓடவிட்டுத் திரையைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

உடன் பணிபுரிபவரின் டிவியைப் பற்றி. பாதி விலை என்றால் 30 பங்கு. எட்டு ஆண்டு ஆயுளில் நான்கு கழிந்துவிட்டதால் மீதம் 48 மாதங்கள், அதாவது மாதத்துக்கு அதே 0.625 பங்கு. புதியதை வாங்குவதற்கும் இதற்கும் செலவில் வேறுபாடே இல்லை, உத்தரவாதமும் கிடையாது. உங்கள் டிவியைச் சரிசெய்ய இயலாது என்று தெரியவந்து, அவரும் 20 பங்குக்கு இறங்கி வந்தால் மட்டுமே இதை யோசியுங்கள். அந்தத் தொகையில் 10 பங்கை அவசரகால நிதியிலிருந்து எடுத்து, அடுத்த மாதம் திருப்பி வைக்கலாம். அப்படியானால் அவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும் படத்தையும், பிறகு கறுப்பாக இருக்கும் படத்தையும் வைத்தால் கரும்புள்ளிகளும், ஓரங்களில் வெளிச்சம் குன்றிய இடங்களும் தெரிந்துவிடும். எல்லா எச்டிஎம்ஐ துளைகளிலும் ஒரு கருவியைச் செருகிச் சோதியுங்கள், வாங்கிய ரசீதையும் கேளுங்கள். இவற்றில் எதற்காவது அவர் தயங்கினால் அந்த டிவியை விட்டுவிடுங்கள்.