வெட்டுவதற்கு முன் சுவரின் கனத்தைப் பாருங்கள்

வீட்டு மின்சார வேலை பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு வயர்மேன் ஒருவர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்தவை எல்லாமே சுவரைப் பற்றியவை.

கேள்வி: குடியேறிவிட்ட வீடு. படுக்கையறை ஏ.சி.க்குத் தனி லைன் இழுக்க வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவர். குடைந்து உள்ளே பைப் புதைத்தால்தான் அழகு என்கிறார் என் கணவர். வெளியிலேயே கேசிங் (வயரை உள்ளே வைத்து மூடுகிற பிளாஸ்டிக் பட்டை) அடித்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் முக்கால் பங்கு எலக்ட்ரீஷியன் பக்கம். காரணம் அந்த நாலரை அங்குலம்தான்.

சுவரில் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதற்கு பிரிட்டன் கட்டட வழிகாட்டியில் ஒரு கணக்கு உண்டு. மேலிருந்து கீழாக வெட்டினால் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் போகக் கூடாது. நம் ஊர்ச் செங்கலுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். நாலரை அங்குலம் என்றால் ஏறக்குறைய 115 மி.மீ. கிடையாக 19 மி.மீ.தான் வெட்டலாம். 20 மி.மீ. பைப்பே அதற்குள் முழுசாக அடங்காது, மேலே இருக்கும் பூச்சுதான் அதை மூட வேண்டும். ஆனால் கட்டர் மிஷினைக் கையில் எடுத்தவர் 19 மில்லியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. பைப் தாராளமாக உட்கார வேண்டும் என்று நாற்பது வரை இறக்கிவிடுவார்கள். சுவரின் நீளத்துக்கு அப்படி ஒரு கோடு விழுந்தால், மேலே இருக்கும் பாரம் இறங்குகிற கனம் அந்த இடத்தில் குறைந்துபோகும்.

கிடைக்கோட்டுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், சுவரில் பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. நெட்டுக்குத்தாக வெட்டினால் பாரம் பள்ளத்தின் இரு பக்கமும் பிரிந்து இறங்கிவிடும். கிடையாக வெட்டினால் அதன் வழியையே மறிக்கிறீர்கள்.

ஆகவே இரண்டையும் கலந்து செய்யுங்கள். மெயின் போர்டிலிருந்து கூரையை ஒட்டிக் கிடையாக வெளியே கேசிங் ஓடட்டும். சுவர் நிறத்தையே அதற்கும் அடித்துவிட்டால் யாரும் அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. ஏ.சி. பாயின்ட்டுக்கு இறங்குகிற அந்த ஒரு துண்டை மட்டும் நெட்டுக்குத்தாக வெட்டிப் புதையுங்கள். கட்டரால் இரண்டு இணைக்கோடு போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை உளியால் மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். கோடு போடாமல் நேரே உளியையும் சுத்தியலையும் எடுத்தால், பக்கத்து அறையின் பூச்சு பொருமி உதிரும். தூண், பீம், கான்கிரீட் கூரை இவற்றில் கட்டர் படவே கூடாது. உள்ளே கம்பி இருக்கிறது.

இன்னொன்று, சுவரில் புதைக்கிற சுவிட்ச் பெட்டி. 50 மி.மீ. ஆழப் பெட்டி அந்தச் சுவரில் பாதியைத் தின்றுவிடும். சுவரின் அந்தப் பக்கம் அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாயின்ட்டை ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். முதுகோடு முதுகாக இரண்டு பெட்டி இருக்கும் சுவரில் நடுவே மிஞ்சுவது ஒரு விரற்கடைதான். இந்த அறைப் பேச்சு அந்த அறைக்குக் கேட்கும்!

கேள்வி: பைப் எதற்கு? பள்ளத்தில் வயரை வைத்து அப்படியே சிமென்ட் பூசினால் என்ன?

பதில்: கூடாது. நாம் பைப்பில் இழுக்கிற ஒற்றை வயருக்கு ஒரே ஒரு உறைதான். கொத்தனாரின் கரண்டிமுனை பட்டாலே போதும், அது கீறிப்போகும். நாளைக்கு ஒரு வயர் போய்விட்டால் உருவி எடுத்து வேறு மாட்ட வழியில்லை, சுவரை மறுபடி உடைக்க வேண்டும். மேலே இரண்டாவது உறை போட்ட கேபிளைச் சில நாடுகளில் நேராகப் பூச்சுக்குள் வைக்கிறார்கள். அது வேறு சரக்கு, அதற்கான விதிகளும் வேறு.

கேள்வி: குறுக்காகச் சாய்த்து வெட்டிக்கொண்டு போனால் வயர் மிச்சம்தானே?

பதில்: வயர் மிச்சம்தான். ஆனால் பின்னால் படம் மாட்ட ஆணி அடிக்கிறவர், சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் பக்கத்திலும் மட்டும்தான் வயர் இருக்கும் என்று நம்பி மற்ற இடத்தில் அடிப்பார். அவருக்குத் தெரியாத இடத்தில் லைனை வைக்காதீர்கள். எந்த வழியில் போனாலும், பூசுவதற்கு முன் அளவு டேப்பைச் சுவரில் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஹாலோ பிளாக் சுவரில் வெளியே பி.வி.சி. பைப் அடித்தோம். பைப்பைச் சுவரோடு பிடிக்கும் கவ்வியான சாடிலின் ஸ்குரு முறுக்க முறுக்கச் சுற்றுகிறது, இறுகவில்லை. இறுகிய இடத்திலும் வெயில் நாளில் பைப் நெளிகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு.

ஹாலோ பிளாக்கில் மேலோடு ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம் இருந்தால் அதிகம். டிரில் அதைத் தாண்டியதும் திடீரென்று முன்னால் பாயும், கையிலேயே தெரியும். டிரில்லில் ஹேமரை (இடித்துத் துளைக்கும் முறை) போட்டுத் துளைத்தால் மேலோட்டின் உள்பக்கம் சில்லுசில்லாகப் பெயர்ந்து, துளை உள்ளே புனல்போல் விரிந்துவிடும். அப்புறம் ஸ்குருவுக்காகத் துளையில் செருகுகிற எந்த பிளக்கும் பிடிக்காது. ஹேமரை அணைத்து, வெறும் சுற்றில் 6 மி.மீ. பிட் வைத்து நிதானமாகத் துளையுங்கள். சாதா பிளக்குக்குப் பதில், ஸ்குரு ஏறும்போது பின்னால் முடிச்சாக மடங்கிக்கொள்ளும் நைலான் பிளக் கேளுங்கள். வெளியே வரும் தூளையும் கவனியுங்கள். ஒரே சீராக வந்தால் பிளாக்கில் இருக்கிறீர்கள். கரகரவென்று மணலாக வந்தால் இணைப்புக் கலவையில் விழுந்துவிட்டீர்கள், இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

நெளிவது பி.வி.சி.யின் குணம். சூட்டில் நீளும். நாலு மீட்டர் பைப், 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 7, 8 மி.மீ. நீண்டுவிடும். இரண்டு முனையையும் பசை போட்டு இறுக்கிவிட்டால் அது எங்கே போகும்? நடுவில்தான் வளையும். சாடில்களை 60 செ.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள், பைப் உள்ளே வழுக்குகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். நீள ஓட்டத்தில், பைப் நீள இடம் விடுகிற இணைப்பான எக்ஸ்பான்ஷன் கப்ளர் ஒன்று வையுங்கள். வாசலுக்கு மேலே போகும் பைப்புக்கும் கேசிங்குக்கும் நடுநடுவே இரும்பு கிளாம்ப்பும் போடச் சொல்வேன். தீப்பிடித்தால் பிளாஸ்டிக் உருகி வயர் கொத்தாகத் தொங்கும், புகையில் வெளியேறுகிறவர் கழுத்தில் மாட்டும்.

கேள்வி: வெளிச்சுவர் வழியாகத் தோட்ட விளக்குக்கு லைன் போயிருக்கிறது. மழை பெய்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் பெட்டியில் ஈரம்.

பதில்: முதலில் அந்த லைனின் மெயினை இறக்குங்கள். ஈரம் காயும்வரை ஏற்ற வேண்டாம்.

துளையைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மட்டமாகவோ, உள்பக்கம் சரிந்தோ இருக்கும். சுவரைத் துளைக்கும்போது வெளிவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். அதோடு, வெளியே வயர் துளைக்குள் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட வேண்டும். வயரைப் பிடித்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், துளைக்கு ஏறாது. வெளிப்பெட்டிக்குப் பைப் அடியிலிருந்து ஏறட்டும், மேலிருந்து இறங்க வேண்டாம்.

சுவரே ஈரம் குடிக்கிறது, வெள்ளை உப்பு பூக்கிறது என்றால், பைப்பைச் சுவரோடு ஒட்டவிடாமல் அடியில் கட்டை வைத்த சாடில் போடுங்கள். ஸ்குரு எவர்சில்வராக இருக்கட்டும், சாதா இரும்பு அங்கே துருப்பிடித்து பிளக்கோடு கையில் வந்துவிடும். அந்த லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதுதான் முதல் செலவு.

துளையை சீலன்ட் வைத்து அடைப்பதற்கு முன், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, விளக்கைக் கழற்றிவிட்டு வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெக்கர் கருவியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை உருவிப் போட்டுவிட்டுப் புதுசு இழுங்கள்.